மரத்தைத் தீயிலிருந்து காத்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் என் மேசைக்கு ஓர் ஆங்கிலக் கைப்பிரதி மொழிபெயர்ப்புக்காக வந்தது. கட்டடங்களில் அமைக்கப்படும் மரவேலைகளின் மீது பூசுவதற்குரிய ஒருவகைப் பூச்சைப் பற்றிய சிறிய அறிவுரைத் தாள் அது. அதில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வந்தது. நான் அதனைத் 'தீப்பற்றாத பூச்சு' என்று தமிழாக்கி, வேலை முடிந்த நிறைவோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் அத்தாளைக் கையிற் பிடித்தபடி ஒரு முதிய பொறியியலாளர் என் அறைக்கு வந்தார். தஞ்சைப் பக்கத்தவர், முப்பது ஆண்டுகளாக வடக்கே வேலை பார்த்தவர்.

"தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் இந்தச் சொல்லை நம்பி ஒருவன் தீ மூண்ட வீட்டின் மாடியிலேயே உட்கார்ந்திருந்தால், அந்தப் பழி யாரைச் சேரும்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார்: "மரம் எரியாமல் இராது. பூச்சு இருந்தால் சற்றுத் தாமதித்து எரியும். அந்தத் தாமதத்திற்குள் மனிதன் வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் இந்தத் தாளில் இருக்கிறது."

ஒரு சொல்லில் நான் செய்த பிழையே இன்றைய பேச்சுக்குக் காரணம். அன்று முதல் இப்பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்தேன். படிக்கப் படிக்க, நான் செய்த பிழையையே பல நாட்டு மக்களும் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றனர் என்பது புலனாயிற்று. எரியாத மரத்தை உண்டாக்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தருவதே தன் தொழில் என்று உணர்ந்துகொண்ட கதைதான் இது.

முதலில் உரோமாபுரிக்குச் செல்வோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலஸ் ஜெல்லியஸ் என்னும் நூலாசிரியர், தம் ஆசிரியராகிய அந்தோனியஸ் யூலியானஸ் என்பவருடன் நண்பர்கள் சிலர் ஒரு குன்றின் மீது நடந்து சென்றபோது கண்ட காட்சியை எழுதிவைத்திருக்கிறார். பல அடுக்குகள் கொண்ட உயர்ந்த வாடகை வீடு ஒன்று தீப்பற்றி எரிகிறது. அக்கம்பக்கத்து வீடுகளும் எரிகின்றன. உடன் வந்தவர்களுள் ஒருவர், நகரத்து வீடுகளால் வரும் வருமானம் பெரிதுதான், ஆனால் இந்தத் தீ விபத்துகளுக்கு ஒரு மாற்று மட்டும் இருந்திருந்தால் நான் கிராமத்து நிலங்களை விற்றுவிட்டு நகரத்தில் வீடு வாங்கியிருப்பேன் என்கிறார். வெளியூருக்குச் சென்று அடுக்கு வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அந்த மனிதரின் கவலை புதியதாகத் தோன்றாது.

அதற்கு யூலியானஸ் கூறிய மறுமொழிதான் நமக்கு முக்கியமானது. மாற்று உண்டு என்கிறார் அவர். கி.மு. 87, 86 ஆம் ஆண்டுகளில் உரோமானியத் தளபதி சுல்லா, ஏதென்ஸ் நகரையும் அதன் துறைமுகமாகிய பிரேயஸையும் முற்றுகையிட்டான். மித்ரிடேட்டஸ் மன்னனின் தளபதியாகிய ஆர்க்கெலாஸ் அங்கே தற்காப்புக்காக ஒரு மரக்கோபுரத்தை நிறுத்தியிருந்தான். சுல்லாவின் வீரர்கள் அதனைக் கொளுத்த நெடுநேரம் முயன்றும் அது தீப்பற்றவில்லை. காரணம், அதன் மரங்கள் அனைத்தின் மீதும் படிகாரம் பூசப்பட்டிருந்தது என்று, தமக்கு முற்பட்ட வரலாற்றாசிரியர் குவாட்ரிகாரியஸ் எழுதியதை யூலியானஸ் எடுத்துக்காட்டுகிறார்.

நம் வீடுகளில் சவரம் செய்துகொண்ட முகத்தில் தடவவும், கலங்கிய நீரைத் தெளியவைக்கவும் பயன்படும் அதே படிகாரந்தான். அதற்கு இந்த ஆற்றல் எவ்வாறு வந்தது? படிகாரக் கட்டியின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு நீரே ஆகும். கண்ணுக்குத் தெரியாமல் படிகத்திற்குள் அடங்கியிருக்கும் அந்நீர், சூடு ஏறும்போது ஆவியாகி வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறும்போது மரத்தின் வெப்பத்தையும் தன்னோடு கொண்டுசெல்கிறது. ஆனால் நீர் முழுவதும் வெளியேறிய பிறகு? அதன் பிறகு மரத்துக்கு அத்தகைய துணை இல்லை. சுல்லாவின் வீரர்கள் பொறுமை இழந்தார்கள். அதனால் கோபுரம் பிழைத்தது எனலாம்.

இங்கே மரம் எரிவது என்றால் என்ன என்பதைச் சற்று விளக்கிச் சொல்வது நல்லது. விறகு எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில், சுடர்விட்டு எரிவது விறகன்று, அதிலிருந்து வெளிவரும் வாயுக்களே. வெப்பம் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது மரத்திலுள்ள நார்ப்பொருள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் தாராகவும் கரியாகவும் பிரிகிறது. வாயு சுடராகிறது, அச்சுடரின் வெப்பம் பக்கத்து மரத்தைச் சிதைக்கிறது, அதிலிருந்து மேலும் வாயு பிறக்கிறது. கரியோ சுடர்விடுவதில்லை, வெப்பத்தை எளிதிற் கடத்துவதுமில்லை. ஆகவே மரத்தின் மேல் உண்டாகும் கரி, உள்ளிருக்கும் மரத்துக்கு ஒருவகைக் கவசமாகிறது. பருத்த உத்திரம் ஒன்று பெருந்தீயில் ஒரு நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரிந்துகொண்டு உள்ளே செல்லும். மெல்லிய பலகைக்கோ அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இதிலிருந்து மரத்தைக் காப்பதற்கு இரண்டு வழிகள் புலப்படும். வெப்பம் மரத்தை அணுகாதவாறு மேலே ஒரு தோலைப் போர்த்துவது ஒரு வழி. மரம் சிதையும் முறையையே மாற்றி, வாயுவைக் குறைத்துக் கரியை மிகுவிப்பது மற்றொரு வழி. பழங்காலத்தவர் இந்த விளக்கத்தை அறியாமலே இரண்டு வழிகளையும் கையாண்டிருக்கின்றனர்.

போர்வை வழிக்குச் சிறந்த சான்று சீனத்தில் கிடைக்கிறது. 1313 இல் வாங் சென் என்னும் அதிகாரி எழுதிய வேளாண்மை நூலில், மரவீடுகளின் மேல் பூசுவதற்கான ஒரு சாந்தின் செய்முறை காணப்படுகிறது. செங்கல் தூள், வெண்களிமண், டங் மரத்தின் விதையெண்ணெய், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பசையரிசிக் கஞ்சியுடன் சேர்த்துக் குழைத்துப் பூச வேண்டுமாம். ஊர் தோறும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு கவசத்தை அமைத்த அந்த அறிவைப் போற்றாமல் இருக்க முடியாது.

மேற்கே இலண்டன் மாநகரில் 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை விழுங்கியது. அதன் பிறகு புதிய வீடுகளின் சுவர்களைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றினர். சுவர் மாறியது, ஆனால் தளமும் படிக்கட்டும் கூரைச்சட்டமும் மரமாகவே இருந்தன. அந்த மரத்தளத்தைக் காக்க டேவிட் ஹார்ட்லி என்னும் பாராளுமன்ற உறுப்பினர் ஒரு வழி கண்டு 1773 இல் அதற்கு உரிமை பெற்றார். பலகைகளுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடுகளைப் பரப்புவதே அவ்வழி. இலண்டனை அடுத்த பட்னியில் ஒரு வீட்டைக் கட்டி, 1776 இல் கீழறையில் தீயை மூட்டி, மேலறையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரையும் அரசியையும் காலை உணவு அருந்தச் செய்தார் என்பது வரலாறு. அதனைப் பாராட்டி நாட்டிய கல்தூண் இன்றும் பட்னியில் நிற்கிறது. மன்னர் உணவருந்தி முடிக்கும் வரையில் தகடு தாங்கியது. தளம் என்றென்றும் தாங்குமா என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி, உப்புகளின் வழியைப் பார்ப்போம். 1735 இல் ஒபடையா வைல்ட் என்பவர் இங்கிலாந்தில் ஓர் உரிமைப் பத்திரம் பெற்றார். படிகாரம், வெண்காரம், அன்னபேதி ஆகியவற்றைக் கரைத்துத் துணியையும் காகிதத்தையும் தீயிலிருந்து காக்கும் முறை அதில் கூறப்பட்டிருக்கிறது. இம்மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக இருந்து வந்த சரக்குகளே.

ஆனால் இவை ஏன் வேலை செய்கின்றன என்று முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி கே லூஸாக். அந்நாளில் நாடகசாலைகள் மெழுகுவர்த்திகளாலும் எண்ணெய் விளக்குகளாலும் ஒளியூட்டப்பட்டன. மேடையைச் சுற்றித் திரைச்சீலைகளும் வர்ணம் தீட்டிய மரச்சட்டங்களும் நிறைந்திருந்தன. ஆகவே நாடகசாலைகள் அடிக்கடி எரிந்தன. அரசர் பதினெட்டாம் லூயியின் விருப்பப்படி கே லூஸாக் இதற்கு மாற்றுத் தேடி, 1821 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நவச்சாரம், அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் ஆகியவற்றின் கலவைகள் சிறந்தவை என்பது அவர் கண்ட முடிவு. நல்ல உப்பு இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் கண்டார். சூட்டில் உருகிக் கண்ணாடிபோல நாரின் மேல் படிய வேண்டும். அல்லது எரியாத வாயுவை வெளிவிட்டுச் சுடரை அடக்க வேண்டும். இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இக்கொள்கை அழியவில்லை. பாஸ்பேட்டு உப்புகள் சூட்டில் பாஸ்பாரிக அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் மரத்தைச் சுடராகும் வாயுவாக விடாமல் கரியாக மாற்றிவிடுகிறது என்னும் உண்மையைப் பிற்கால ஆராய்ச்சி அதனோடு சேர்த்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் மற்றொரு பொருள் பிறந்தது. 1818 இல் யோஹான் நெப்பொமுக் ஃபுக்ஸ் என்னும் ரசாயன அறிஞர் மணலையும் காரத்தையும் சேர்த்துருக்கி, நீரிற் கரையும் கண்ணாடி ஒன்றை உண்டாக்கினார். நீர்க்கண்ணாடி என்று அதற்குப் பெயர். 1823 ஜனவரி 14 ஆம் நாள் மூனிச்சின் அரச நாடகசாலை எரிந்து போயிற்று. கடுங்குளிரில் நீர் உறைந்துவிட்டதால் பக்கத்து மதுச்சாலையிலிருந்து பீரைக் கொண்டுவந்து தீயில் ஊற்றினார்கள் என்று அவ்வூரார் இன்றும் சொல்வதுண்டு. இரண்டே ஆண்டுகளில் நாடகசாலை மீண்டும் எழுந்தது. இம்முறை மரவேலைகளின் மீதும் சீலைகளின் மீதும் ஃபுக்ஸின் நீர்க்கண்ணாடி பூசப்பட்டது.

நீர்க்கண்ணாடி தீயைக் கண்டால் நுரைத்து உப்பும். வெண்ணிற ஓடு போலாகி மரத்தை மூடும். இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் வரும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் நாளடைவில் அதனைச் சிதைத்துவிடும். பூச்சு வெளுத்துப் பொடிந்து உதிரும். பூசிய ஆண்டில் காத்த பூச்சு, தீ வரும் ஆண்டில் இல்லாமற் போகலாம். ஆராய்ச்சியாளர் மறந்துவிடக்கூடாத கேள்வி ஒன்று இங்கே எழுந்தது: பூச்சு எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்பதோடு, எத்தனை காலம் காக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்கர் வானளாவிய கட்டடங்களை எழுப்பத் தொடங்கினர். 1899 இல் நியூயார்க் நகரின் கட்டட விதிகள், 12 மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களில் உப்பேற்றிய மரத்தையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தன. எங்கும் ஒரு நம்பிக்கை பரவியது. தீயை வென்றுவிட்டோம் என்று விளம்பரங்கள் முழங்கின. சிகாகோ நகரில் 1903 நவம்பரில் திறக்கப்பட்ட இரோகுவாய் நாடகசாலை, தன் நிகழ்ச்சித் தாளிலேயே தன்னை முற்றிலும் தீப்பற்றாதது என்று அச்சிட்டுக்கொண்டது. திறந்து ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 30 ஆம் நாள் பகற்காட்சியில், மேடை விளக்கின் பொறி ஒரு சீலையைப் பற்றியது. அத்தீயால் 602 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் விடுமுறைக்கு வந்த குழந்தைகளும் தாய்மார்களும் ஆவர். கட்டடத்தின் சுவர்களும் தளங்களும் பெரும்பாலும் சேதமின்றி நின்றன. அந்த அளவில் விளம்பரம் பொய்யில்லை. ஆனால் உள்ளே இருந்த மனிதர்களுக்கு வழி திறந்திருக்கவில்லை. முதிய பொறியியலாளர் என்னைக் கேட்ட கேள்விக்கு இதைவிடக் கொடிய விடை வேறில்லை.

இத்தகைய துயரங்களுக்குப் பின்னரே சொல்லை விட்டு அளவைக்கு மாறினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் 1910 இல் தொடங்கப்பட்ட மரப்பொருள் ஆராய்ச்சிக்கூடத்தில், 1930 களில் பற்பல உப்புகளை மரத்தில் ஏற்றி, எரித்து, நிறுத்து, ஒப்பிட்டனர். வெண்காரம் சுடர் பரவுவதைக் குறைக்கிறது, ஆனால் கனலை நீடிக்கச் செய்யக்கூடும்; போரிக் அமிலம் கனலை அடக்குகிறது, ஆனால் சுடரின் மீது அதற்கு ஆற்றல் குறைவு; ஆகவே இரண்டையும் கலப்பது நலம் என்பன போன்ற நுட்பங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1940 களில் சிகாகோவில் ஆல்பர்ட் ஸ்டைனர் என்பவர் 25 அடி நீளமுள்ள ஒரு சுரங்கம் போன்ற உலையை அமைத்தார். அதன் கூரையில் பலகையைப் பொருத்தி, ஒரு முனையில் தீயிட்டு, சுடர் மறுமுனையை நோக்கி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று பார்ப்பார்கள். சிவப்பு ஓக் மரத்தின் வேகத்தை 100 என்றும், கல்நார்ப் பலகையினதை 0 என்றும் கொண்டு மற்றவற்றுக்கு எண் வழங்கினர். அன்று முதல் ஒரு பூச்சை நல்லது என்று சொன்னால் எத்தனை என்று திருப்பிக் கேட்க முடிந்தது.

இந்த ஆராய்ச்சிகள் ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருக்கையில், இன்னொரு நாட்டில் ஒரு நகரம் முழுவதுமே ஆய்வுக்கூடமாக நேர்ந்தது. 1941 கோடையில் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை நெருங்கின. இப்போது அந்நகரின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்குள்ள பழைய மாளிகைகளும் குடியிருப்புகளும் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. ஆனால் இரும்புத் தகடு வேய்ந்த அவற்றின் கூரைகளை மரக்கைகளும் சட்டங்களுமே தாங்கின. தகட்டைத் துளைத்துக்கொண்டு பரணில் விழும் ஒரு கிலோ எடையுள்ள சிறிய எரிகுண்டு, உலர்ந்த அந்த மரத்தைச் சில நிமிடங்களில் பற்றவைத்துவிடும்.

நகரத்தின் பயன்முறை ரசாயன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பூச்சைக் கண்டுபிடிக்க முனைந்தனர். அதற்குரிய நிபந்தனைகள் கடுமையானவை. பொருள் நகருக்குள்ளேயே மலைமலையாகக் கிடைக்க வேண்டும். கலப்பதற்குத் தேர்ச்சி தேவைப்படக்கூடாது. யாரும் தூரிகை கொண்டு பூசக்கூடியதாக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரமில்லை. அவர்கள் கண்ட விடை சூப்பர்பாஸ்பேட். வயலுக்கு இடும் உரந்தான்! அதனை நீரிற் குழைத்துச் சாந்தாக்கி மரத்தின் மேல் பூசினார்கள். அதிலுள்ள பாஸ்பேட்டு, கே லூஸாக் கண்ட அதே வழியில், சூடு பட்டவுடன் மரத்தைச் சுடரவிடாமல் கரியாக்கிற்று. ஆலைத் தொழிலாளர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் வாளியும் தூரிகையுமாகப் பரண்களில் ஏறினர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நகரத்துப் பரண்களில் பத்தில் ஒன்பது பங்கிற்குப் பூச்சு இடப்பட்டது என்று முற்றுகையின் வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கின்றனர்.

1941 செப்டம்பர் 8 ஆம் நாள் முற்றுகை முழுமையடைந்தது. அன்று மாலையே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எரிகுண்டுகள் நகரின் மேல் விழுந்தன. உணவுக் கிடங்குகள் எரிந்தன. பல இடங்களில் தீ மூண்டது. ஆனால் பூச்சிட்ட பரண்களில் குண்டு விழுந்தபோது, அங்கே காவலிருந்த மக்களுக்கு இடுக்கியால் அதனைப் பற்றி மணற்பெட்டியில் போடவும், நீர்த்தொட்டியில் அமிழ்த்தவும் அவகாசம் கிடைத்தது. பூச்சு தீயை அணைக்கவில்லை. பரணில் ஒரு மனிதர் விழித்திருந்தார். அவருக்கு வேண்டிய நிமிடத்தைப் பூச்சு கொடுத்தது. மனிதர் இல்லாத பரணில் பூச்சு மட்டும் இருந்து என்ன பயன்? பூச்சு இல்லாத பரணில் மனிதர் மட்டும் இருந்தாலுந்தான் என்ன செய்ய முடியும்? முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. பசியால் அந்நகர மக்கள் பட்ட பாட்டை எழுதி மாளாது. நகரத்தின் கூரைகள் மட்டும் பெரும்பாலும் எரியாமல் தப்பின என்றால், அதில் அந்த எளிய சாந்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்கிடையில் புதியதொரு வழியும் பிறந்திருந்தது. 1938 இல் டிராம் என்பவரும் அவருடைய துணைவர்களும் பெற்ற அமெரிக்க உரிமைப் பத்திரத்தில், தீ பட்டவுடன் உப்பிக் கரிநுரையாகும் பூச்சு ஒன்று விவரிக்கப்பட்டிருக்கிறது. 1948 இல் ஓல்சன், பெக்லே என்னும் இருவர் இத்தகைய பூச்சுகளுக்கு 'உப்பும் பூச்சு' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரை வழங்கினர். சாதாரண வர்ணம் போலவே சுவரிலும் கதவிலும் இது அமைதியாக இருக்கும். சூடு ஏறியதும் அதிலுள்ள பாஸ்பேட்டு அமிலத்தை வெளிவிடும்; அந்த அமிலம் கலவையிலுள்ள மாவுத்தன்மையான பொருளைக் கரியாக்கும்; மூன்றாவது பொருள் ஒன்று வாயுவை வெளிவிட்டு அந்தக் கரியை ஊதிப் பெருக்கும். கொதிக்கும் எண்ணெயில் இட்ட அப்பளம் போல அது உப்பி எழும். மெல்லிய பூச்சு தன் கனத்தைப் போலப் பன்மடங்கு பெருகிய கரிமெத்தையாகிவிடும். மூனிச் நாடகசாலையின் நீர்க்கண்ணாடியும் நுரைத்தது என்று முன்னர்க் கண்டோம். சீனத்துச் சாந்தின் போர்வையையும் பாஸ்பேட்டு உப்பின் கரியையும் ஒன்றாக இணைத்தது போன்றது இப்புதிய முறை.

இத்தனைக்குப் பின்னரும் வெற்றி முழுமையாகவில்லை. 1980 களில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வரிசை வீடுகளின் கூரைகளுக்கு உப்பேற்றிய ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினர். சில ஆண்டுகளிலேயே அப்பலகைகள் கருத்து, நொறுங்கி, கால் வைத்தால் உடையும் நிலைக்கு வந்தன. தீயில்லை, வெயிலே காரணம். தீயில் அமிலத்தை வெளிவிட வேண்டிய உப்பு, கூரையின் வெயிற் சூட்டிலேயே சிறிது சிறிதாக அமிலத்தை விட்டு, மரத்தின் நாரை அரித்துவிட்டது. எந்த வெப்பத்தில் விழித்தெழ வேண்டும் என்பதை மருந்து அறிந்திருக்க வேண்டும் என்னும் பாடத்தைப் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டார்கள். கோடையில் கூரைகள் கொதிக்கும் நம் நாட்டுக்கு இது பெரிதும் பொருந்தும் பாடமாகும்.

நம் நாட்டிலும் இத்துறையில் வேலை நடந்திருக்கிறது. 1906 இல் தொடங்கப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933 இல் சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞர், செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைச் சேர்த்து, கரையானும் பூஞ்சையும் மரத்தை அணுகாமல் காக்கும் மருந்தைக் கண்டார். உலகெங்கும் அது பயன்பட்டது. பிற்காலத்தில் அதற்கும் ஒரு குறை தெரிந்தது: அம்மருந்தேற்றிய கம்பங்கள் ஒருமுறை தீப்பற்றினால், சுடர் அணைந்த பின்னும் கனன்றுகொண்டே இருக்கும். பூச்சியிலிருந்து காப்பது வேறு, தீயிலிருந்து காப்பது வேறு என்பது விளங்கியது. போரிக் அமிலமும் துத்தநாகக் குளோரைடும் போன்ற உப்புகளைச் சேர்த்து இரண்டு பகைகளையும் ஒருங்கே தடுக்கும் கலவைகள் நம் நாட்டு மரப்பாதுகாப்பு விதிமுறைகளில் இடம் பெற்றன. 1970 இல் முதன்முதலாக வெளிவந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தீப்பாதுகாப்புக்குத் தனிப்பகுதி வகுத்தது.

ஆனால் விதி ஏட்டில் இருப்பதும் பூச்சு மரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. தில்லியில் வாழும் தமிழர்களுக்குக் கரோல் பாக் என்னும் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது. அங்கே 2019 பிப்ரவரி 12 ஆம் நாள் விடியற்காலையில் ஒரு தங்கும் விடுதி தீப்பற்றி 17 பேர் இறந்தனர். நடைவழிகளின் சுவர்களில் அழகுக்காகப் பதித்திருந்த மரப்பலகைகள் தீயை விரைந்து பரப்பின என்று தீயணைப்பு அதிகாரிகள் கூறினர். வெளியேறும் வழியே எரியும் வழியாகிவிட்டது.

மரத்துக்கு உள்ள இக்குறை ஓலைக்கும் உண்டு; இரண்டும் ஒரே நார்ப்பொருளால் ஆனவையல்லவா? 2004 ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீ கீற்றுக்கூரையைப் பற்ற, 94 குழந்தைகள் மாண்டனர். அச்செய்தியைக் கேட்ட நாளில் எந்த ஊரில் இருந்தோம் என்பதை நம்மில் பலர் இன்றும் மறக்கவில்லை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், தாரை மண்ணெண்ணெயில் இளக்கி வைக்கோல் கலந்த மண்சாந்தில் சேர்த்து, மழையில் கரையாத பூச்சு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அதனைக் கூரையின் மேல் பூசினால் கீற்று எளிதில் தீப்பற்றாது. வாங் செனின் சாந்துக்கு அது தம்பி முறை எனலாம். விலை உயர்ந்த சரக்கு ஒன்றும் அதில் இல்லை. அறிவு எட்டியும், அது வேண்டிய இடத்தை எட்டவில்லை என்பதே நெஞ்சை வருத்துவது.

நேயர்களே, பம்பாயின் பழைய சால்களிலும், கல்கத்தாவின் பழைய வீடுகளிலும், சிம்லாவின் மலைச்சரிவுகளிலும் மரப்படிகளின் மீது ஏறியிறங்கி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பல உண்டு. உங்கள் வீட்டு மரவேலைக்குப் பூச்சு இட யாரேனும் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தீயில் இது எத்தனை நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்? இதன் மேல் வேறு வர்ணம் அடித்தால் இதன் ஆற்றல் கெடுமா? இவற்றுக்கு விடை சொல்லாமல், எரியவே எரியாது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிக்கட்டில் பெட்டிகளையும் பழைய நாற்காலிகளையும் அடுக்கிவைக்காதீர்கள். பூச்சு தரும் நிமிடங்களைச் செலவிட ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

அந்த முதிய பொறியியலாளர் இப்போது பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார். அவர் வந்து கேட்ட அன்று மாலையே நான் அத்தாளைத் திரும்ப வாங்கி, 'தீப்பற்றாத பூச்சு' என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுத் 'தீயைத் தாமதிக்கும் பூச்சு' என்று எழுதினேன். சொல் சற்று நீளந்தான். காதுக்கும் அவ்வளவு இனிமையில்லை. அதனைப் படிக்கும் ஒருவர், தாமதிக்கும் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டாரானால், அந்த மொழிபெயர்ப்பு தன் கடமையைச் செய்ததாகக் கொள்வேன்.